திங்கட்கிழமைக்குப் பாதி

லாயத்திலிருந்து
மே 6, செவ்வாய்

அன்புள்ள தங்கைக்கு,

நீ கூப்பிட்டு நான் வரவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு அதை வைத்து ஒரு பேச்சு வேண்டாம். உன் லாயத்தில் சவாரி சொல்லிக்கொடுக்கிற டீச்சர்தான் போன் செய்தாள். "கோடை வகுப்பு தொடங்கிட்டுதுங்க, பதினாலு பிள்ளைங்க, எட்டுக் குதிரை, மேடம் இடுப்பெலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில, தீனி அறைக்கு ஆளே இல்லை" என்று அழாத குறையாகச் சொன்னாள். உன் அத்தானிடம் சொன்னேன். "உன்னோட ஏழு வருஷமா பேசாதவளுக்கா?" என்றார். "குதிரைங்க என்கிட்ட பேசாம இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தேன். அவர் இப்போது தினமும் போன் செய்து சட்டை எங்கே, சர்க்கரை எங்கே என்று கேட்கிறார்.

நாம் போனில் பேச வேண்டாம். இரண்டாவது நிமிடம் நீ கத்துவாய், நான் அழுவேன். டீச்சர் புதன்தோறும் உன்னைப் பார்க்க வருகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஐந்தரைக்குத் தானியம் அளக்கிறேன். வெயில் ஏறுமுன் ஆறரைக்கு முதல் வகுப்பு. பத்து மணிக்கெல்லாம் தகரக் கூரை கொதிக்கிறது. குதிரைகளைக் குழாயடியில் நிறுத்தித் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், நனைவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். சேணத்தைத் தூக்கத் தெம்பில்லாதவர்களுக்கு வாய் மட்டும் நாலு முழம். நான் கடவுளை நினைக்காமல் எந்த வேலையும் தொடங்கியதில்லை, உனக்குத் தெரியும். ஒவ்வொரு கதவிலும் நின்று ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டுதான் வாளியை வைக்கிறேன். ஒரு வாண்டு கேட்டது, "ஆன்ட்டி, குதிரைக்கு வேண்டிக்கிட்டா உதைக்காதா?" "உங்க மேடத்தை உதைச்ச அன்னைக்கு யாராவது வேண்டிக்கிட்டீங்களா?" என்றேன்.

வீட்டில் வைக்கிற மாதிரி இங்கேயும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எந்தக் குதிரை எத்தனை டப்பா தின்றது, எத்தனை வாளி குடித்தது, லத்தி எப்படி இருந்தது, எல்லாம் நேரம் போட்டு. பிள்ளைகள் அதற்கு லத்தி நோட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கிழட்டுக் குதிரை ஒருவன் இருக்கிறானே, மாப்பிள்ளை, அவனுக்குப் பெயர் வைத்தவர் யாரோ அனுபவப்பட்டவர். மூன்று தரம் கூப்பிட்டால்தான் அசைகிறான். வாளியை வைத்தால் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஆனால் புதுப்பிள்ளை எதுவானாலும் முதல் தடவை ஏற்றி உட்காரவைப்பது அவன் முதுகில்தான். சனி ஞாயிறு இரண்டு நாளும் அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை.

ஒன்று கேட்க வேண்டும். தீனி அறைப் பலகையில் திங்கட்கிழமைக்கு எதிரே, எல்லாக் குதிரைக்கும் தானியம் 'பாதி' என்று எழுதியிருக்கிறாய். திங்கள் அவைகளுக்கு லீவு. ஆறு நாள் சுமந்த பிராணிக்கு ஓய்வு நாளில் அரை வயிறா? நேற்றுப் பலகையில் இருந்தபடி பாதிதான் போட்டேன். மாப்பிள்ளை காலி வாளியை நக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏன் பாதி என்று ஒரு வரி எழுது.

உன் வலி குறைய வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா

*

ஆஸ்பத்திரி
மே 7, புதன்

அக்கா,

டீச்சர் கான்டீனில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணும்.

நீ வந்ததற்கு நன்றி. கூப்பிட்டிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

பலகையில் இருப்பதைச் செய். ஏன், எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் பாடம் எடுக்க எனக்குத் தெம்பு கிடையாது. பதினேழு வருஷம் லாயம் நடத்துகிறேன், பாதி என்றால் பாதி. குதிரை பார்க்கிற பார்வைக்கெல்லாம் தீனி போட்டால் எட்டும் வெடித்துச் சாகும். நீ யாரைப் பார்த்தாலும் ஊட்டக் கிளம்பிவிடுவாய்.

தண்ணீர்த் தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவச் சொல். ஈ மொய்த்தால் குதிரைகளுக்கு முகமூடி போடச் சொல். கறுப்புப் பெண்குதிரைக்குப் பின்னால் போகாதே, என்னை உதைத்தது அதுதான். அதன் மேல் எனக்குக் கோபமில்லை, தப்பு என்னுடையது. குனியுமுன் குரல் கொடுக்கவில்லை.

அத்தான் சொன்னாரே, "ஏழு வருஷம் பேசாதவள்" என்று. பேசாதது நான் மட்டும்தானா? அம்மா சாகக் கிடந்தபோது குதிரை குட்டி போடுகிறது என்று வராமல் இருந்தவள் என்று சொந்தக்காரர் ஒருவரைக்கூட விடாமல் எல்லாரிடமும் சொன்னது யார்? அதைப் படுத்துக்கொண்டு நினைக்க நிறைய நேரம் இருக்கிறது எனக்கு.

டீச்சர் வந்துவிட்டாள்.

தங்கை

*

ஆஸ்பத்திரி
மே 14, புதன்

அக்கா,

கடிதம் இல்லை, வெறுங்கையோடு வந்திருக்கிறாள் டீச்சர். "பெரியக்கா கோவமா இருக்காங்களா?" என்று கேட்டேன். "வாளியை வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிசா கேக்குதுங்க" என்றாள். சரி.

ஒரு விஷயம். லாயத்து ஆள் மெதுவா மேல் ஒரு கண் வை. (எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார், பிள்ளைகள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.) நல்ல மனுஷர்தான். ஆனால் போன கோடையில் மாப்பிள்ளை வேலை முடிந்து வியர்த்து வந்ததும், நடத்தி ஆற்றாமல் அப்படியே கட்டிப்போட்டுவிட்டார். அவன் இரண்டு நாள் காலை ஊன்ற முடியாமல் நின்றான். இன்னொரு தரம் நடந்தால் வேலை கிடையாது என்று அப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்று நிற்கவைத்துப் பார்த்தார்கள். நான் நிற்கவில்லை.

தங்கை

*

லாயத்திலிருந்து
மே 20, செவ்வாய்

அன்புள்ள தங்கைக்கு,

போன வாரம் எழுதவில்லை. கோபம் இல்லை. கோபம்தான்.

இன்று அதையெல்லாம் எழுத உட்காரவில்லை. மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. டீச்சர் நாளை வந்து சொன்னால் பயந்துவிடுவாய், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு ஒரு சின்னப் பெண்ணை ஏற்றினார்கள், ஹெல்மெட் கண்ணை மறைக்கும் அவளுக்கு. மெதுவா கயிற்றைப் பிடித்து நடத்தினார். பாதி வட்டம்கூடப் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டான். மூன்று தரம் கூப்பிட்டோம், முப்பது தரம் கூப்பிட்டோம். டீச்சர், "பிடிவாதம், குதிகாலால தட்டு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். மெதுவா மட்டும், "வேண்டாம் டீச்சர், பிள்ளையை இறக்குங்க, இது பிடிவாதம் இல்ல" என்று அவளைத் தூக்கி இறக்கிவிட்டார். அதற்குள் மாப்பிள்ளைக்கு வியர்வை ஊற்றியது. பின் தொடை இரண்டும் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. கை வைத்தால் நடுங்கினான். பிறகு சிறுநீர் போனான், கறுப்புக் காபி நிறம்.

கால்நடை டாக்டரம்மா வந்தார். ஓரடி நகர்த்தக் கூடாது என்று, நின்ற இடத்திலேயே மேலே பந்தல் மாதிரி துணி கட்டி, கழுத்தில் ஊசி ஏற்றினார். மூன்று பெரிய பை மருந்துத் தண்ணீர். சிறுநீரகம் தப்பினால் குதிரை தப்பும், இரண்டு மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். வகுப்பை நிறுத்திவிட்டோம். பிள்ளைகள் வேலி ஓரம் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஏழு வகுப்பு. வெயில் கடுமை. நேற்று லீவு. தீனி எல்லாம் வழக்கம்போல்தான்.

கை வலிக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்கா

*

ஆஸ்பத்திரி
மே 21, புதன்

அக்கா,

மூன்று தரம் படித்தேன்.

இது எனக்குத் தெரிந்த நோய். தீனி வழக்கம்போல் என்கிறாய். பலகையை மீறி நீ ஒன்றும் செய்ய மாட்டாய், நோட்டில் நேரம் போட்டு எழுதுகிறவள். அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒரே காரணம். ஞாயிற்றுக்கிழமை ஏழு வகுப்புக்குப் பிறகு அந்த ஆள் மறுபடியும் அவனை ஆற்றாமல் கட்டியிருக்கிறார். டீச்சரிடம் கேட்டேன், கடைசி வகுப்புக்குப் பின் அவள் கவனிக்கவில்லையாம். ஒரு பிள்ளையின் அப்பா வேறு எனக்குப் போன் செய்து, "குதிரையைச் சாகடிக்கிறீங்களா?" என்று கேட்கிறார். படுக்கையில் கிடந்துகொண்டு என்ன பதில் சொல்வேன்?

மெதுவாவைச் சனிக்கிழமையோடு போகச் சொல். நானே சொல்ல வேண்டியது, ஆனால் போனில் அவர் குரலைக் கேட்டால் மனசு மாறிவிடும். நீ சொல்லிவிடு. பதினொரு வருஷம் இருந்தவர். அதனால்தான் ஒரு தரம் பொறுத்தேன்.

மாப்பிள்ளை செத்தால் என்னிடம் சுற்றி வளைக்காமல் சொல். நலம் என்று எழுதாதே.

தங்கை

*

லாயத்திலிருந்து
மே 23, வெள்ளி

தங்கைக்கு,

புதன்வரை காத்திருக்க முடியாது. லாடம் அடிக்கிறவர் இன்று நகரத்துக்குப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறான். நேற்று மாலை சிறுநீர் கொஞ்சம் வெளுத்தது. இன்று காலை இன்னும் வெளுத்தது.

மெதுவா ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தது நான்.

திங்கட்கிழமை அவனுக்கு மட்டும் முழு அளவு போட்டேன். மேலே இன்னும் ஒரு கை. எட்டுக்கும் போடத் தைரியம் இல்லை, அவனுக்கு மட்டும். மெதுவா பார்த்துவிட்டு, "பெரியக்கா, இன்னைக்குப் பாதிதான்" என்றார். "நேத்து ஏழு தரம் சுமந்தானே, அதை எந்தப் பலகையில எழுதியிருக்கு?" என்றேன். "அதுக்கில்ல, எங்கக்கா ஏதாவது காரணத்தோடதான் எழுதியிருக்கும்" என்றார். "காரணம் கேட்டேன், உங்கக்கா சொல்லலை" என்று வாளியை உள்ளே தள்ளினேன். அவன் முதல் தடவையாக முகத்தைத் திருப்பாமல் தின்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நேத்து லீவு நாள்ல தானியம் குறைச்சீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெதுவாதான், "பலகையில இருக்கிற மாதிரிதாங்க" என்று முந்திக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். அன்று மாலை உனக்கும் அதே பொய்யை எழுதினேன். காலையில் எட்டுக் கதவில் நின்று வேண்டிக்கொள்கிற இதே ஆள்தான்.

நீ எழுதியதை அவரிடம் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சரி பெரியக்கா. இவனுக்கு மூத்திரம் தெளியிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டார். "நீங்க ஏன் சொல்லலை?" என்றேன். "நீங்க வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாள் நீங்க உக்காந்து நான் பாக்கல. உங்களை எப்படிக் காட்டிக்குடுக்கிறது?" என்றார். பிறகு வாளி கழுவப் போய்விட்டார். அவருக்கு அறுபது வயது, தங்கை. இங்கிருந்து போனால் எந்த லாயத்தில் சேர்ப்பார்கள்? குதிரையைக் கெடுத்தவன் என்ற பேரோடு?

நோட்டில் மட்டும் பொய் எழுத வரவில்லை. 'திங்கள், காலை 5.40, மாப்பிள்ளை, முழு அளவும் ஒரு கையும்' என்று அன்றே எழுதியிருக்கிறேன். அந்தத் தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். என் ஆயுசில் நோட்டிலிருந்து தாள் கிழித்தது இதுதான் முதல் தடவை.

ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சாக்கு என்று எடுத்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கடைசி மாதம் டாக்டர் சீட்டில் எழுதிக்கொடுத்தார், ஒரு வேளைக்குத் தண்ணீர் அரை டம்ளர் என்று. அம்மா டம்ளரை என் பக்கம் நீட்டி நீட்டிக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ஏன் அரை டம்ளர் என்று டாக்டரிடம் கேட்கவும் இல்லை, பெரிய டாக்டரைக் கேள்வி கேட்பதா என்று. அம்மா தாகத்தோடு போனாள். ஏழு வருஷமாக நான் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அந்த டம்ளர் கண்முன்னே வருகிறது. உன் பலகையில் 'பாதி' என்று பார்த்ததும் எனக்குக் குதிரை தெரியவில்லை.

நாளை சனிக்கிழமை. மெதுவாவின் பை கட்டிலடியில் கட்டி வைத்திருக்கிறது. போக வேண்டியவள் நான். என்ன செய்யட்டும்?

அக்கா

*

ஆஸ்பத்திரி
மே 25, ஞாயிறு

அக்கா,

தாள் வந்தது. தலையணை அடியில் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையே மெதுவாவுக்குப் போன் செய்துவிட்டேன், உனக்குத் தெரிந்திருக்கும். போக வேண்டாம் என்றேன், "சரிங்கக்கா" என்றார். மன்னிச்சிடுங்க என்றேன், அதற்கும் "சரிங்கக்கா". வைக்கும்போது, "பெரியக்காவைத் திட்டாதீங்க, தூங்கறதே இல்ல" என்றார். அந்தப் பிள்ளையின் அப்பாவிடமும் பேசி, லாயத்து ஆள் மேல் குற்றமில்லை, எங்கள் வீட்டுத் தப்பு என்று சொல்லிவிட்டேன்.

உன் மேல் கோபம் தீர்ந்ததா என்று கேட்காதே. இன்று நாலடி நடக்கவைத்தார்கள். வேறு எதற்கும் தெம்பு இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். வேலை செய்கிற குதிரைக்குத் தானியம் தசையில் போய்ச் சேர்ந்து, ஓடும்போது செலவாகும். சும்மா நிற்கிற நாளில் செலவாகாது. அப்படியே தேங்கி நின்று, மறுநாள் வேலையில் இறங்கியதும் தசை இறுகி உள்ளுக்குள் உடையும். உடைந்தது சிறுநீரகத்தை அடைக்கும். அதனால்தான் லீவு நாளில் பாதி. புல் முழுசாய்ப் போடுகிறோமே, வயிறு காய்வதில்லை. எல்லாக் குதிரைக்கும் இப்படி ஆகாது, மாப்பிள்ளைக்குப் போன வருஷமே ஒரு தரம் வந்த உடம்பு. இது தண்டனை இல்லை அக்கா. முழுசு போட்டால் தாங்காது என்பதால் பாதி. நாலு வரிதான். எழுதச் சோம்பல்பட்டேன். உன்னிடம் விளக்கம் சொல்வதா என்ற வீம்பும்தான். இந்தத் தப்பில் பாதி என்னுடையது.

அம்மாவுக்கும் அதேதான். இதயம் தளர்ந்துபோனவர்களுக்குத் தண்ணீர் உள்ளே தங்கி நெஞ்சை முட்டும், மூச்சு விட முடியாது. இங்கே என் பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கும் அரை டம்ளர்தான். நர்ஸிடம் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ கேட்டபோதெல்லாம் கொடுத்திருந்தால் அம்மா மூச்சுத் திணறிப் போயிருப்பாள். நீ செய்தது சரி. இதை உன்னிடம் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஆனால் எனக்கும் யாரும் சொல்லவில்லை. அந்த மாதம் நீ போட்ட கடிதம் இரண்டு. இரண்டிலும் 'அம்மா நலம்'. அதை நம்பித்தான் குட்டி போடுகிற குதிரையோடு இருந்தேன்.

அம்மாவுக்கும் நீ நோட்டு வைத்திருந்திருப்பாய். கைப்பெட்டியில் கூடவே கொண்டுவந்திருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு? ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா என்னைக் கேட்டாளா? நோட்டில் இருப்பதை அப்படியே எழுது.

தங்கை

*

லாயத்திலிருந்து
மே 27, செவ்வாய்

அன்புள்ள தங்கைக்கு,

மாப்பிள்ளை நேற்று நாலடி நடந்தான். உனக்கும் அவனுக்கும் ஒரே கணக்கு. சிறுநீர் தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டது. இனி சவாரிக்கு ஆவானா என்பது தெரியாது, ஆகாவிட்டாலும் பிள்ளைகள் குளம்பு சுத்தம் செய்து பழக நிற்கட்டும் என்கிறார் மெதுவா. தன் பையை அவிழ்த்துவிட்டார். என் பெட்டியை அவர் கட்டவிடவில்லை. "அக்கா வர்ற வரைக்கும் தானியம் யார் அளக்கிறது?" என்கிறார். டாக்டரம்மாவிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

பலகையில் 'பாதி' என்பதற்குப் பக்கத்தில் நீ எழுதிய காரணத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதினேன். இடம் போதவில்லை, சுவரிலும் கொஞ்சம் போயிருக்கிறது. நீ வந்து திட்டு.

நேற்றுத் திங்கள். மற்ற ஏழுக்கும் பாதி. மாப்பிள்ளைக்கு டாக்டரம்மா தானியமே கூடாது என்றுவிட்டார், வெறும் புல். வாளி வரவில்லை என்று பார்த்தான். போகாமல் பக்கத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான், பிறகு புல்லைத் தின்றான்.

நீ கேட்டது. நோட்டு பெட்டியில்தான் இருக்கிறது. கடைசி வாரத்திலிருந்து அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

வியாழன், காலை 6. தண்ணீர் அரை டம்ளர். கஞ்சி நாலு கரண்டி. "சின்னவ வர்றாளா?" என்றாள். வேலை இருக்கும்மா என்றேன்.

வெள்ளி, காலை 6. அரை டம்ளர். கஞ்சி இரண்டு கரண்டி. கேட்டாள். வருவா என்றேன்.

வெள்ளி, பகல் 12. அரை டம்ளர், பாதி வழிந்தது. தங்கைக்குக் கடிதம் போட்டேன், நலம் என்று.

சனி, காலை 6. தண்ணீர் வேண்டாம் என்றாள். கேட்டாள். பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. அம்மாவை நான் ஒருத்தியே கடைசிவரை பார்த்துக்கொண்டேன் என்ற பெயர் வேண்டியிருந்தது எனக்கு, அதனால்தான் நலம் என்று எழுதினேன். இது நோட்டில் இல்லை, இப்போது எழுதுகிறேன்.

புதன் டீச்சரோடு நானும் வருகிறேன். பேச வேண்டாம். பக்கத்தில் இருக்கிறேன்.

அக்கா